பழைய பின்பால் இயந்திரத்தின் பவர் சப்ளை: எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே சரிசெய்வது

பின்பால் இயந்திரம் (உலோகப் பந்தைத் தட்டி ஆடும் ஆட்ட இயந்திரம்) உயிர் பெறவில்லை, அல்லது ஆட்டத்தின் நடுவே தானாக ரீசெட் ஆகிறது என்றதும் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது அதன் மூளையான சிபியு போர்டில்தான். சிப்பைக் கழற்றுவார்கள், வேறு சிப் வாங்கிப் போடுவார்கள், அதுவும் ஓடாது. சுவர் பிளக்கிலிருந்து சிப்பின் கால் வரை மின்சாரம் போகும் வழி முழுவதையும் நான் பவர் சப்ளை என்றே எடுத்துக்கொள்வேன். அந்த வழியை ஒரு முனையிலிருந்து அளந்துகொண்டே வந்தால் பழுது தானாகச் சிக்கும். நடுவில் புகுந்தால் சிக்காது.

கீழே உள்ள உதாரணங்கள் 1977 முதல் 1985 வரை வந்த பாலி (Bally) கம்பெனி இயந்திரங்களின் போர்டுகளை வைத்து எழுதியவை. அதே காலத்து ஸ்டெர்ன் இயந்திரங்களின் சுற்றும் ஏறக்குறைய இதேதான். வில்லியம்ஸ், காட்லீப் இயந்திரங்களில் வோல்டேஜ்கள் வேறு. வேலை செய்யும் வரிசை மாறாது.

## 1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் அந்த இயந்திரத்தின் சர்க்யூட் படம். அது இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த இயந்திரங்களிலேயே கனெக்டர் பின் எண்கள் மாறியிருக்கும்.

அப்புறம் நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர். டயோடு சோதனையும் ஏசி வோல்ட்டும் அதில் இருக்க வேண்டும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், ஈயம் கலந்த சால்டர், உறிஞ்சும் பம்ப் ஆகியவை வேண்டும். கம்பி நுனியில் டெர்மினலை நெரித்துப் பொருத்தும் கிரிம்ப் பிளையரும் வேண்டும். கிரிம்ப் பிளையர் இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் 8-ஆம் படியில் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்று ரெசிஸ்டர்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: 10 கிலோ ஓம் 5 வாட், 100 ஓம் 5 வாட், 4.7 ஓம் 10 வாட். முதல் இரண்டும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றத்தை இறக்க. மூன்றாவது, 5 வோல்ட் சப்ளைக்குப் போலிச் சுமையாக வைக்க.

கடைசியாக, ஹோல்டரில் மாட்டிய 100 வாட் இழை பல்பு ஒன்று. இயந்திரத்தின் மின்கம்பியோடு தொடர் இணைப்பில் வைத்து முதல் தடவை மின்சாரம் கொடுக்க இது உதவும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், இயந்திரம் தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

## 2. மின்சாரத்தை நிறுத்துவது

ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அதுவரை வரும் கம்பியில் வீட்டு மின்சாரம் இருக்கும்.

இந்த இயந்திரங்களில் டிஸ்ப்ளேக்காக 230 வோல்ட் டிசி உண்டு. அதைத் தேக்கும் கெப்பாசிட்டர் 350 வோல்ட் தாங்கக்கூடியது, சுமார் 150 மைக்ரோஃபாரட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்புகளால் அதன் இரு கால்களுக்கும் குறுக்கே வைத்தால் பத்து விநாடியில் இறங்கிவிடும். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். 12 வோல்ட் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டருக்கு 100 ஓம் போதும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரின் உள்ளிணைப்பு கெடும், போர்டின் செப்புத் தடம் எரியும், தெறிக்கிற பொறி கண்ணில் படலாம்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் போர்டில் உயர் வோல்டேஜுக்கான முக்கால் ஆம்பியர் பியூஸ் இருக்கும். அதைக் கழற்றித் தனியே வையுங்கள். 10-ஆம் படி வரை அது தேவையில்லை. அதுவரை டிஸ்ப்ளே பக்கம் 230 வோல்ட் வராது.

## 3. கண்ணால் பார்ப்பது

மீட்டரை எடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். ரெக்டிஃபையர் போர்டில் எங்கே பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது, எந்தக் கனெக்டரின் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது, எந்தக் கம்பியின் உறை விறைத்துப்போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சூடு எங்கே பிறந்ததோ அங்கே தடை இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பொது விளக்குகளுக்கு (எந்நேரமும் எரிந்துகொண்டே இருப்பவை) போகும் பின்கள்தான் முதலில் கருகும்.

கனெக்டர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். ஒரு கனெக்டரை ஒரு பின் தள்ளிச் செருகினால், பந்தைத் தட்டும் காயில்களுக்கான 43 வோல்ட், சிப்புகளுக்கான 5 வோல்ட் பாதைக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு சிபியு போர்டில் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

சிபியு போர்டில் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் அதன் சுற்றுப்புறத்தையும் பாருங்கள். கசிந்திருந்தால் அது தனி வேலை. ஆனால் பவர் வரும் கனெக்டரின் பின்களைப் பச்சை படிந்து தின்றிருக்கிறதா என்பது இங்கேயே தெரிய வேண்டும்.

## 4. பிளக் முதல் டிரான்ஸ்ஃபார்மர் வரை

எர்த் பின் இல்லாத பிளக், முறிந்த எர்த் கம்பி, நடுவில் ஒட்டுப் போட்ட கம்பி எதுவானாலும் முதலில் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு பிளக்கின் எர்த் பின்னுக்கும் இயந்திரத்தின் உலோகக் கதவுக்கும் இடையே ஓம் அளவில் ஒன்றுக்கும் குறைவாக வர வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் பல டேப்கள் (வெவ்வேறு வீட்டு வோல்டேஜுக்கான இணைப்பு முனைகள்) இருக்கும். இயந்திரம் 120 வோல்ட் நாட்டிலிருந்து வந்து 230 வோல்ட் வீட்டில் நிற்கிறது என்றால், டேப் இணைப்பு எதற்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பிளக் செருகக் கூடாது. தவறான டேப் என்றால் எல்லா வோல்டேஜும் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். எல்லாமே ஒரே அளவு பிசகினால் போர்டைச் சந்தேகிக்காமல் இங்கே வாருங்கள்.

இப்போது ரெக்டிஃபையர் போர்டிலிருந்து வெளியே போகும் கனெக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தொடர் பல்பு வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் நின்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பிரிட்ஜுக்கும் (நான்கு டயோடுகள் சேர்ந்து ஏசியை டிசியாக்கும் பாகம்) இடையே எங்கோ ஷார்ட். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதை எடுத்ததும் பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் பழுது. பியூஸைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

## 5. பியூஸும் அதைப் பிடிக்கும் கிளிப்பும்

பியூஸைக் கண்ணால் பார்த்து 'நல்லா இருக்கு' என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தடுமாற்றம். கம்பி முழுசாகத் தெரியும், ஆனால் மூடிக்குள் விட்டுப்போயிருக்கும். ஹோல்டரில் வைத்தபடியே அளந்தாலும் ஏமாறலாம், டிரான்ஸ்ஃபார்மர் சுருள் வழியாக மீட்டர் தொடர்ச்சி காட்டிவிடும். வெளியே எடுத்து அளக்க வேண்டும்.

பியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது கிளிப். நாற்பது வருடச் சூட்டில் கிளிப்பின் பிடி தளர்ந்திருக்கும். பொது விளக்குகளின் 20 ஆம்பியர் பியூஸ் கிளிப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்பி வரவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். பிளையரால் நெருக்கி வைப்பது நாலு நாளைக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

பியூஸ் எரிந்துகொண்டே இருக்கிறது என்று அடுத்த பெரிய அளவைப் போடவே கூடாது. 4 ஆம்பியர் இடத்தில் 10 போட்டால் பியூஸ் பிழைக்கும், அதற்குப் பதிலாகக் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். படத்தில் மெதுவாக எரியும் வகை என்று போட்டிருந்தால் அதே வகைதான் போட வேண்டும்.

பொது விளக்குகளில் 44 நம்பர் பல்பு இருந்தால் 47 நம்பருக்கு மாற்றுவது பற்றி யோசியுங்கள். 44 எடுப்பது 250 மில்லி ஆம்பியர், 47 எடுப்பது 150. நாற்பது பல்புக்கு 10 ஆம்பியர் போன இடத்தில் 6 ஆம்பியர் போகும். கிளிப்பும் கனெக்டரும் கருகுவதற்கான காரணமே பாதி போய்விடும்.

## 6. ரெக்டிஃபையர் போர்டைத் தனியே அளப்பது

வெளியே போகும் கனெக்டர்கள் எதுவும் செருகாத நிலையிலேயே அளக்க வேண்டும். ஆரம்பகால பாலி ரெக்டிஃபையர் போர்டில் சோதனைப் புள்ளிகளும் (டிபி) அவற்றின் அளவும் இப்படி:

- டிபி1: 5.4 வோல்ட் டிசி, ஆட்டத்துக்கேற்ப எரிந்து அணையும் விளக்குகளுக்கு
- டிபி2: 230 வோல்ட் டிசி, டிஸ்ப்ளேக்கு, பியூஸைக் கழற்றியிருப்பதால் இப்போது இதை அளக்க வேண்டாம்
- டிபி3: 11.9 வோல்ட் டிசி, 5 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் ரெகுலேட்டருக்கு
- டிபி4: 7.3 வோல்ட் ஏசி, பொது விளக்குகளுக்கு
- டிபி5: 43 வோல்ட் டிசி, காயில்களுக்கு

சுமை இல்லாதபோது இவை கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அது பழுதல்ல. குறைவாகக் காட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். 5.4-ம் 43-ம் கெப்பாசிட்டரால் சமன் செய்யாத டிசி. அலை அலையாகத்தான் வரும். மீட்டர் காட்டுவது அதன் சராசரி. அதனால் பிரிட்ஜின் ஒரு டயோடு திறந்துபோனால் மின்னலையில் பாதி காணாமல் போய், மீட்டர் எண்ணும் பாதியாகும். டிபி5-ல் 43-க்குப் பதில் 21 அல்லது 22 வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், பிரிட்ஜின் ஒரு கால் போயிருக்கிறது, அல்லது அந்தக் காலின் சால்டர் விட்டிருக்கிறது. புதியவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு சுலபமாகப் போகாது.

11.9-க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் கெப்பாசிட்டர் அடுத்த போர்டில் இருக்கிறது. அது இணைந்த பிறகு பாதி அலை வந்தாலும் சுமை இல்லாதபோது எண் முழுசாகக் காட்டும். அதனால் இப்போதே, தனியாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

## 7. பிரிட்ஜைச் சோதிப்பதும் மாற்றுவதும்

மின்சாரம் இல்லாதபோது டயோடு நிலையில் மீட்டரை வைத்து, இரண்டு ஏசி கால்களிலிருந்தும் பிளஸ் காலுக்கும், மைனஸ் காலிலிருந்து இரண்டு ஏசி கால்களுக்கும் அளக்க வேண்டும். நான்கிலும் 0.4 முதல் 0.6 வரை வர வேண்டும். ஒன்று பூஜ்யம் காட்டினால் ஷார்ட். ஒன்றும் காட்டாவிட்டால் திறந்துபோயிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சுருள் இரண்டு ஏசி கால்களையும் இணைத்து வைத்திருக்கும் என்பதால், உள்ளே வரும் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் நம்பலாம்.

மாற்றும்போது 35 ஆம்பியர், 400 வோல்ட் தாங்கும் பிரிட்ஜைப் போடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம், ஆயுள் கூடும். பிளஸ் மூலை எது என்பதைப் புதியதிலும் பழையதிலும் பார்த்துவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும். வெட்டு மூலையோ, மற்ற மூன்றோடு சேராமல் திரும்பி நிற்கும் காலோ பிளஸ்ஸைக் காட்டும். போர்டோடு ஒட்டிப் பொருத்தாமல் காற்று போக ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

பழையதை எடுக்கும்போது இழுக்க வேண்டாம். கால்களை வெட்டி, உடலை எடுத்துவிட்டு, மிஞ்சிய ஒவ்வொரு காலையும் தனித்தனியாகச் சூடாக்கி எடுங்கள். இந்தப் போர்டுகளின் செப்புத் தடம் மெல்லிய பசையில் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் தடத்தோடு வரும்.

## 8. கனெக்டர்: எல்லோரும் தாண்டிப் போகும் இடம்

என்னைக் கேட்டால் பவர் சப்ளை பழுதில் பெரும்பங்கு இங்கேதான். எளிதாகச் சோதிக்கவும் முடியும். கனெக்டரைத் திரும்பச் செருகிய பிறகு, மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது, மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் போர்டின் பின் சால்டரிலும் மறுமுனையைக் கம்பி நுழையும் கிரிம்பிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் வரும். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பின் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கிறது. 5 வோல்ட் பாதையில் இப்படி இரண்டு பின்கள் இருந்தாலே ரீசெட் வந்துவிடும். 230 வோல்ட் பின்னுக்கு இந்தச் சோதனை கூடாது.

சரி செய்ய மூன்று வேலைகள் உண்டு. போர்டின் பின்புறம் ஹெடர் (போர்டில் சால்டர் செய்த பின் வரிசை) பின்களைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய விரிசல் தெரிந்தால் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பின்னின் பூச்சு தேய்ந்து கறுத்திருந்தால் ஹெடரையே மாற்ற வேண்டும். எதிர்ப்புறம், கம்பியின் நுனியில் உள்ள கிரிம்ப் டெர்மினலையும் கூடவே மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றுவது பிழை. கருகிய டெர்மினல் புதிய பின்னைச் சுரண்டி, சூடேற்றி, சீக்கிரமே பழைய கதைக்குக் கொண்டுவந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான். பூச்சு போய்விடும், அன்றைக்கு வேலை செய்யும், பிறகு துரு ஏறும்.

ரெக்டிஃபையர் போர்டில் பின் இடைவெளி 3.96 மில்லிமீட்டர். மோலெக்ஸின் டிரைஃபர்கான் வகை டெர்மினல் பின்னை மூன்று இடத்தில் தொடும், அதனால் பவர் வழிகளுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். கம்பியின் இழைகளுக்கு ஒரு மடிப்பு, உறைக்கு ஒரு மடிப்பு என்று கிரிம்ப் இரண்டாக விழ வேண்டும். கம்பியை அழுத்திச் செருகும் வகைக் கனெக்டர் ஏற்கெனவே இருந்தால், பவர் வழிகளில் அதையும் கிரிம்ப் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

## 9. 5 வோல்ட்

5 வோல்ட் பிறப்பது, காயில்களை இயக்கும் சொலினாய்டு டிரைவர் போர்டில். 11.9 அங்கே வந்து, பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி, எல்எம்323கே போன்ற 3 ஆம்பியர் ரெகுலேட்டர் வழியாக 5 ஆகிறது. இந்த போர்டுக்கு ரெக்டிஃபையரிலிருந்து வரும் ஜே3 கனெக்டரை இப்போது செருகுங்கள். சிபியு போர்டின் ஜே4, விளக்கு டிரைவர் போர்டு, டிஸ்ப்ளேக்கள், சவுண்டு போர்டு எல்லாம் கழன்றே இருக்கட்டும்.

கெப்பாசிட்டர். சி23 என்று எழுதியிருக்கும். பழைய அளவு 11,700 மைக்ரோஃபாரட், 20 வோல்ட். வயதைப் பார்த்தே மாற்றிவிடலாம், அளந்துதான் மாற்ற வேண்டும் என்பதில்லை. 12,000 அல்லது 15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போடுங்கள். மைனஸ் குறியைத் திருப்பிப் போட்டால் வெடிக்கும். கால் எட்டுகிறது என்பதற்காகப் பக்கத்து ஓட்டையில் நுழைக்க வேண்டாம்.

கிரவுண்டும் 5 வோல்ட் சுற்றுப்பாதையும். இந்த போர்டின் வடிவமைப்பில் ஒரு பலவீனம் உண்டு. 5 வோல்ட் ஜே3 வழியாக வெளியே போய், கம்பியில் சுற்றி, மறுபடியும் உள்ளே வருகிறது. அதனால் இந்த போர்டில் 5 வோல்ட்டுக்கு இரண்டு சோதனைப் புள்ளிகள், டிபி1-ம் டிபி3-ம் (ரெக்டிஃபையர் போர்டின் டிபி எண்கள் வேறு). இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும். ஒன்றில் 5.02, மற்றதில் 4.80 என்றால் குற்றவாளி ரெகுலேட்டர் அல்ல, கனெக்டரின் பின்தான். கனெக்டரைச் சரிசெய்த பிறகு இரண்டு புள்ளிகளையும் ஒரு தடித்த கம்பியால் போர்டின் பின்புறம் இணைத்துவிடுங்கள். சி23-ன் மைனஸ் காலையும் போர்டின் அகலமான கிரவுண்ட் தடத்தோடு இன்னொரு கம்பியால் இணையுங்கள். இந்த இரண்டு கம்பிகளையும் நான் போர்டு நன்றாக ஓடினாலும் போட்டுவிடுவேன்.

ரெகுலேட்டர். அதன் உலோக உடல்தான் கிரவுண்ட். அது ஸ்க்ரூக்கள் வழியாகப் போர்டைத் தொடுகிறது. ஸ்க்ரூ தளர்ந்தால் வெளியீடு தாறுமாறாகும். ரெகுலேட்டர் போய்விட்டது என்று மாற்றுவதற்கு முன் ஸ்க்ரூவை முடுக்கிப் பாருங்கள்.

சுமையோடு அளப்பது. வெறுமனே 5.0 காட்டினால் சந்தோஷப்பட எதுவும் இல்லை. காய்ந்த கெப்பாசிட்டரும் சுமையில்லாமல் நல்ல எண்ணே காட்டும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், தொட முடியாத அளவு சுடும், பீங்கான் ஓட்டின் மேல் வைப்பது நல்லது. இந்தச் சுமையில் 4.9-க்கும் 5.1-க்கும் இடையே நிற்க வேண்டும். சிப்புகள் ஏற்கும் எல்லை 4.75 முதல் 5.25 வரை. 5.25-ஐத் தாண்டினால் உடனே அணையுங்கள்.

அப்படியே மீட்டரை ஏசிக்கு மாற்றி சி23-ன் குறுக்கே அளங்கள். கால் வோல்ட், அரை வோல்ட் வருவது இயல்பு. 1 வோல்ட்டைத் தாண்டினால் கெப்பாசிட்டர் சரியில்லை, அல்லது அதற்கு முந்தைய டயோடு ஒன்று திறந்து பாதி அலைதான் வருகிறது. ரெகுலேட்டர் 5 கொடுக்க உள்ளே சுமார் 7.5 வோல்ட்டாவது தேவை. அலையின் பள்ளம் அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு தடவையும் 5 வோல்ட் ஒரு கணம் தள்ளாடும். மீட்டரின் டிசி எண்ணில் அது தெரியாது, ரீசெட்டாகத்தான் தெரியும்.

## 10. டிஸ்ப்ளேக்கான உயர் வோல்டேஜ்

இதே சொலினாய்டு டிரைவர் போர்டின் ஒரு மூலையில்தான் 230 வோல்ட் வந்து 190-க்கு அருகே கட்டுப்படுத்தப்படுகிறது. கழற்றி வைத்த முக்கால் ஆம்பியர் பியூஸை, பிளக் வெளியே இருக்கும்போதே, இப்போது திரும்பப் போடுங்கள். டிஸ்ப்ளேக்கள் இன்னும் கழன்றே இருக்க வேண்டும்.

அந்த மூலையிலுள்ள டிரான்சிஸ்டரின் உலோக உடலிலும், சூட்டை வெளியேற்றும் அதன் ஹீட்சிங்கிலும் முழு 230 வோல்ட் இருக்கும். ஹீட்சிங்க் என்றால் கிரவுண்ட் என்று நினைத்துத் தொடுகிறவர்கள் உண்டு. ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டு, கிரவுண்ட் முனையைக் கிளிப்பால் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளங்கள்.

இந்த போர்டின் டிபி4-ல் 230 சுற்றி, டிபி2-ல் 190 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். இரண்டிலும் ஒரே எண் வந்தால் அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட். அந்த நிலையில் டிஸ்ப்ளேயைச் செருகினால் அதுவும் போகும். எண் சரியாக இருந்தால் அருகிலுள்ள சிறு டிரிம் பாட்டை (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) திருப்பி 170 சுற்றிக் குறைத்து வையுங்கள். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது, டிஸ்ப்ளேயின் ஆயுள் கூடும்.

## 11. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுவது

ஒவ்வொரு கனெக்டருக்கும் பிளக்கைப் பிடுங்கி, செருகி, மின்சாரம் கொடுத்து, 5 வோல்ட்டை அளந்து, அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செருகினால் பியூஸ் எரியும்போது எதனால் என்று தெரியாது. தொடர் பல்பை இப்போது எடுத்துவிடலாம்; விளக்குகள் சேர்ந்ததும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் சிபியு. 5 வோல்ட்டை கனெக்டரில் அளக்காமல் சிப்பின் காலிலேயே அளங்கள். போர்டிலுள்ள எல்இடி ஒரு தடவை மினுக்கிவிட்டு ஏழு முறை ஒளிர வேண்டும். ஆறோடு நின்றால் சிப்பைத் தேட வேண்டாம். ஏழாவது, 43 வோல்ட் போர்டுக்கு வந்து சேர்கிறதா என்ற சோதனை. எல்இடி எரியாமலோ, அணையாமலோ நின்றால் 11.9-ஐயும் ஒரு தடவை பாருங்கள். சிபியு போர்டின் ரீசெட் சுற்று அந்த வோல்டேஜைப் பார்த்துத்தான் விடுகிறது. 5 சரியாக இருந்தும் அது குறைந்தால் போர்டு எழாது.

பிறகு விளக்கு டிரைவர், டிஸ்ப்ளேக்கள் ஒவ்வொன்றாக, சவுண்டு, கடைசியில் காயில்கள். டிஸ்ப்ளே ஒன்றைச் செருகியதும் 190 பக்கத்து பியூஸ் போனால் அந்த டிஸ்ப்ளேதான் பழுது. காயில் கனெக்டரைச் செருகிய உடனே ஏதாவது ஒரு காயில் இழுத்துப் பிடித்துக்கொண்டால் சட்டென்று அணையுங்கள். டிரைவர் டிரான்சிஸ்டர் ஷார்ட். அது பவர் சப்ளை வேலையில் சேராது, ஆனால் அதைச் சரிசெய்யாமல் புதிய பியூஸைப் போட்டுக்கொண்டே இருந்தால் காயில் கருகும்.

எல்லாம் செருகிய பிறகு, எல்லா விளக்கும் எரியும் சோதனை நிலையில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். அந்த அரை மணியின் முடிவில் சிப்பின் காலில் 5 வோல்ட்டை மறுபடி அளங்கள். பிளக்கைப் பிடுங்கி, உயர் வோல்டேஜ் கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, கனெக்டர்களை விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது எதுவோ, அதற்கு 8-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.